கேரம் பலகை போதும். மாலையில் வந்து உட்காருகிற ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்களில் இயங்கும் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) குழு உறுப்பினர்களுக்கும், அந்த நிதியைக் கையாளும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆலைகளை ஒட்டிய கிராமம் ஒன்றில், 13 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மாலை நேர மன்றத்தை நடத்துபவர்களில் ஒருத்தி நான். ஊராட்சியின் பழைய டிவி ரூம்தான் எங்கள் இடம். பள்ளி விட்டு வந்து, கை கால் கழுவி, ஆறு மணிவாக்கில் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். சிலர் வீட்டுப்பாடம் எழுதுவார்கள், சிலர் கேரம் ஆடுவார்கள், சிலர் சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பிள்ளைகளே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். மாதச் சந்தா பத்து ரூபாய். வரவு செலவை வாசித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வரை அவர்கள் பொறுப்பு.

நான் கேட்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களுக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியை, தினமும் மாலையில் அந்தப் பிள்ளைகளோடு இருக்கும் ஆளின் சம்பளத்துக்குக் கொடுங்கள். அதையும் ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் நான்கு வருடத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

நீங்கள் கொடுக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பள்ளிகளின் கழிப்பறையும் ஸ்மார்ட் வகுப்பறையும் உங்கள் பணத்தில் வந்தவை. இளைஞர் மன்றங்களுக்கும் கேரம் பலகை, வாலிபால் வலை, நிறுவனத்தின் பெயர் போட்ட டிசர்ட் என்று வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் 'தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்' நடக்கிறது. சென்னையிலிருந்து பயிற்றுநர் வருகிறார், திரையில் படம் ஓடுகிறது, மதியம் பிரியாணிப் பொட்டலம், மாலையில் சான்றிதழ், எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் திரும்பி வருகிறார்கள். மறுநாள் ஆறு மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, விமர்சனச் சிந்தனை, தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், உணர்ச்சிகளைச் சமாளித்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். இந்தப் பத்தில் ஏதாவது ஒன்றை உங்களில் யாராவது ஒரே நாளில், மண்டபத்தில் உட்கார்ந்து கற்றிருப்பீர்களா? கூடப் பிறந்தவர்களோடு சண்டை போட்டு, பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து வீட்டில் சொல்லி, ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று நா குழறி, அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் தேறித்தான் எல்லோரும் கற்றோம். அப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருப்பார். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பலர் ஷிப்டில் இருக்கிறார்கள், உங்கள் ஆலைகளிலும் உங்களுக்கு உதிரிபாகம் கொடுக்கிற ஆலைகளிலும். இரவு பத்தரைக்குத்தான் கம்பெனி பஸ் அவர்களை இறக்கிவிடுகிறது.

தெருவிளக்கு விஷயத்தைச் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் வரிசையாகச் சில விளக்குகள் எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் இருட்டில்தான் நடந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெண் இதை எழுப்பினாள். மனு எழுதலாம் என்று முடிவானது. பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் செயலாளர் எழுதிக்கொண்டு வந்த முதல் மனுவில் 'மாண்புமிகு', 'சமூகம்', 'தாழ்மையுடன்' எல்லாம் இருந்தன. விளக்கு எங்கே இருக்கிறது என்பது மட்டும் இல்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அதைத் திருத்திக் கொடுக்கவில்லை. "கம்பத்து நம்பர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளுக்குக் கம்பத்துக்கு நம்பர் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. மறுநாள் டார்ச் எடுத்துக்கொண்டு போய், பெயின்டில் எழுதியிருந்த எண்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். கிராம சபையில் வாக்காளர்களுக்குத்தான் இடம் என்பதால், மே 1 கிராம சபையில் ஒரு பெண்ணின் அம்மா மூலம் மனுவைக் கொடுத்தார்கள். பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டதா என்று கேட்டு, பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆகஸ்ட் 15 சபைக்குள் பாதி விளக்கு எரிந்தது. மீதியை அங்கே மறுபடியும் கேட்டார்கள், அதுவும் வந்தது.

இதற்கு ஆன செலவு ஒரு வெள்ளைத்தாள். ஆனால் 'கம்பத்து நம்பர் என்ன' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஓர் ஆள் அங்கே இருந்தார். அவரே மனுவை எழுதிக் கொடுத்திருந்தால் விளக்கு இன்னும் சீக்கிரம் எரிந்திருக்கலாம், பிள்ளைகளுக்கு எதுவும் வந்திருக்காது. அப்படி உட்காரத் தெரிந்தவர்கள் எளிதில் அமைவதில்லை. அமைந்தாலும் நிலைப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. இதற்கு முன் எங்களோடு இருந்த தம்பி சமூகப்பணி படித்தவர், பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு கிடங்கில் ஸ்கேனிங் வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டு வாடகை கொடுக்க வேண்டும் அல்லவா?

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு நிறுவனம் இளைஞர் மன்றத்துக்கென்று அழகான ஹால் கட்டிக் கொடுத்தது. ஒருங்கிணைப்பாளருக்கு மாதச் சம்பளம் கேட்டபோது, 'சம்பளத்துக்கெல்லாம் சிஎஸ்ஆரில் இடமில்லை, ஐந்து சதவீதத்துக்கு மேல் போக முடியாது' என்று பதில் வந்தது. இப்போது ஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரசுக்கும் இதே அனுபவம் உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் வேலை நடந்தது. நூலகமும் விளையாட்டுத் திடலும் அதில் அடக்கம். கட்டடம் வந்தது, புத்தகமும் வந்தது. பிற்பாடு பல ஊர்களில் அந்த நூலகங்கள் பூட்டிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் ஆளுக்குக் கௌரவமாகச் சம்பளம் கொடுக்காவிட்டால் வேறென்ன நடக்கும்?

அந்த ஐந்து சதவீதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வக்கீல் இல்லை, ஆனால் நிதி கேட்டு அலைகிறவர்கள் விதியைப் படித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு இருப்பது உண்மை. ஆனால் நிர்வாகச் செலவு எது என்பதற்கும் அதே விதிகள் விளக்கம் தருகின்றன. உங்கள் நிறுவனத்துக்குள் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுதான் அது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. மாலையில் பிள்ளைகளோடு உட்காருகிற ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் திட்டத்தை நடத்தும் செலவு. திட்டமே அவர்தான்.

அதே விதிகளில் தொடர் திட்டம் என்றொரு வகை இருக்கிறது. தொடங்கும் நிதியாண்டு போக, மேலும் மூன்று ஆண்டுகள் வரை அதை நடத்தலாம். அந்த ஆண்டில் செலவாகாமல் மிஞ்சும் தொகையை, நிதியாண்டு முடிந்து 30 நாட்களுக்குள் அதற்கென்றுள்ள தனிக் கணக்கில் போட்டுவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் செலவு செய்யலாம். ஆக, நான்கு வருடம் என்று நான் கேட்பது சட்டம் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் வழி. கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, ஆலை இருக்கும் பகுதிக்கும் சுற்று வட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. சிஎஸ்ஆரில் என்னென்ன செய்யலாம் என்று பட்டியலிடும் அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வி, வேலைக்கான திறன், பாலின சமத்துவம், கிராமப்புற விளையாட்டு எல்லாம் இருக்கின்றன. அந்த அட்டவணையைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனில் விட்ட சுற்றறிக்கையே சொல்கிறது. மாரத்தான், விருது வழங்கல் மாதிரியான ஒருநாள் நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் செலவாகாது என்று சொன்னதும் அதே சுற்றறிக்கைதான். ஒருநாள் முகாமுக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள், நாலு வருடச் சம்பளத்துக்கு ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கேரம் பலகை கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வட சென்னை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். எங்கள் பெண் பிள்ளைகள் அந்தச் செய்தியை வெட்டி டிவி ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கேரம் பலகை தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரான அவருடைய அப்பாவைப் போலத் தன் பிள்ளையையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த இடத்தில்தான் அது உலகக் கோப்பை வரை போயிருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் மாலை நேரத்துக்குப் போட்டி கடுமையாக இருக்கிறது. போன் இருக்கிறது, அதில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களும் உடனடிக் கடன் செயலிகளும் இருக்கின்றன. கஞ்சா விற்கிறவன் இருக்கிறான். கட்டவுட்டுக்குப் பால் ஊற்ற ஆள் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதியின் பெயரால் கையில் கயிறு கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஊருக்குள் ஓர் ஆள் உண்டு, அந்த ஆள் தினமும் வருவார், பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், டீ வாங்கிக் கொடுப்பார், வீட்டில் அடி வாங்கினால் விசாரிப்பார். நாம் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் போய் இரண்டு மணி நேரம் தலைமைப் பண்பு பற்றிப் பேசிவிட்டு வருகிறோம்.

சாதியைப் பற்றி உங்கள் படிவங்களில் ஒரு கேள்வியும் இருப்பதில்லை. இருக்க வேண்டும். பக்கத்து ஊர் ஹால் கோயிலுக்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட அங்கே கால் வைக்கவில்லை; யாரும் வராதே என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையே இருக்கவில்லை. எங்கள் டிவி ரூம் ஊருக்கும் காலனிக்கும் நடுவே ரோட்டோரத்தில் இருக்கிறது, அது எங்களுக்கு அமைந்த பாக்கியம். அப்படியும் முதல் சில மாதங்கள் காலனிப் பையன்கள் வாசலோடு நின்றார்கள். காலனியைச் சேர்ந்த பெண் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். இன்று கேரம் ஜோடி யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம், எந்த முகாமும் செய்யாததை அந்தச் சீட்டு செய்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினத்து மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. பள்ளிக்குள் செய்ய வேண்டியதை அரசு பார்க்கட்டும். பள்ளி விட்ட பிறகு இரவு எட்டு வரை அந்தப் பையன்கள் யாரோடு இருக்கிறார்கள் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேலை இருக்கிறது.

எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். 40 பிள்ளைகள் வரும் ஒரு மன்றத்துக்கு நாங்கள் போட்ட கணக்கு இது. ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்கு 1,80,000. பகுதிநேர உதவியாளர்கள் இருவர், ஆளுக்கு மாதம் 4,000, வருடத்துக்கு 96,000. இருவரில் ஒருவர் ஊரிலிருந்தும் ஒருவர் காலனியிலிருந்தும் வர வேண்டும். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதுக்கு வந்த பெண்ணை எந்த அம்மாவும் மாலையில் அனுப்ப மாட்டார். சுண்டலுக்கும் பாலுக்கும் ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் 250 நாளைக்கு ஒரு லட்சம். கரண்ட் பில், நோட்டு, முதலுதவிப் பெட்டி வகையில் 24,000. வெளியூர்ப் பயணத்துக்கும் ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக்கும் 50,000. மொத்தம் வருடத்துக்கு நாலரை லட்சம், நான்கு வருடத்துக்கு 18 லட்சம். நாடு முழுவதும் சிஎஸ்ஆரில் 2022-23இல் செலவானது ஏறத்தாழ 30,000 கோடி. ஒரு ஹால் கட்டுகிற பணத்தில் 40 பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையான மாலைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சுண்டலை வெட்டிவிடாதீர்கள். திட்ட மதிப்பீட்டில் முதலில் அடிக்கப்படுவது அதுதான். பள்ளியில் மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு ஆறு மணிக்குப் பசிக்கும். பசித்தால் கடைத்தெருவுக்குப் போவான்.

பயிற்சிக்கு எங்கே போவது என்ற கவலையும் இங்கே வேண்டாம். 1993இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது, பிறகு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஆனது. உங்கள் ஆலை வாசலிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். இத்தனை நிறுவனங்கள் சேர்ந்து, சுற்று வட்டார மன்றங்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கென்று அங்கே ஆண்டுதோறும் ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய முடியாதா?

பணம் வருகிற வழியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. உங்கள் நிதியை வாங்க வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். பத்து ரூபாய் சந்தாவில் ஓடும் மன்றங்களிடம் இவை இருக்காது. பதிவு பெற்ற ஏதாவது ஒரு நம்பகமான அறக்கட்டளையைக் குடையாகப் பிடித்து, அதன் கீழ் பத்துப் பதினைந்து கிராமத்து மன்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஒருங்கிணைப்பாளரின் வங்கிக் கணக்குக்கு மாதம் பிறந்தவுடன் நேராகப் போகட்டும். காலாண்டுத் தவணை தாமதமாகி மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்தவர்கள்தான் வேலையை விட்டுப் போகிறார்கள்.

எங்களிடமும் கண்டிப்பாகக் கேளுங்கள். எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று மட்டும் கேட்டால், வருகைப் பதிவேட்டில் பெயரை நிரப்பிக் கொடுக்க யாருக்கும் தெரியும். சேர்ந்த பிள்ளைகளில் ஒரு வருடம் கழித்தும் வருகிறவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்போடு நின்றவர்களில் எத்தனை பேர் மறுபடி ஐடிஐயிலோ பள்ளியிலோ சேர்ந்தார்கள், பதினெட்டு ஆவதற்குள் கல்யாணப் பேச்சு எழுந்தபோது எந்தப் பெண் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தாள், பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் பொருளாளராக இருந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று இருக்கிறதா, புகார் சொல்ல வெளியாள் ஒருவர் இருக்கிறாரா என்று அவசியம் கேளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. இன்றுவரை எந்த நிதி விண்ணப்பத்திலும் எங்களை யாரும் இதைக் கேட்டதில்லை. இதைக் கேட்காமல் பிள்ளைகள் வேலைக்குப் பணம் கொடுப்பது ஆபத்து.

கொடுக்கிற தொகையில் ஒரு சிறு பங்கை, வருடத்துக்கு 20,000 ரூபாயாவது, பிள்ளைகள் தாங்களே கூடிப் பேசிச் செலவழிக்க விடுங்கள். அதில் தவறும் நடக்கும். ஒருமுறை எங்கள் பையன்கள் சந்தாப் பணம் முழுவதையும் ஒரே ஒரு கிரிக்கெட் மட்டைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள், பெண் பிள்ளைகள் இரண்டு கூட்டத்துக்கு அவர்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இருநூறு ரூபாய்க்கு மேல் எதை வாங்கினாலும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்ற தீர்மானம் அதற்குப் பிறகு வந்தது. அந்த விதியை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் குழு அடுத்த நிதியாண்டுக்கான செயல் திட்டத்தை இயக்குநர் குழுவுக்கு அனுப்பும் முன் ஒரு மாலை வந்து பாருங்கள். இரண்டு பேர் வந்தால் போதும். பேனர், சால்வை எதுவும் தேவையில்லை. பிள்ளைகள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐடிஐ முடித்தால் உங்கள் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைக்குமா, கான்ட்ராக்டில்தான் எடுப்பீர்களா என்று முதலில் கேட்பார்கள். மழுப்பாத பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
மாலை நேர மன்றத்தின் பொறுப்பாளர்களில் ஒருத்தி,
ஒரகடம் வட்டாரம், காஞ்சிபுரம் மாவட்டம்